எம்பி3, எம்4ஏ கோப்புகளில் முன்னும் பின்னும் ஒட்டும் மௌனம்: எங்கிருந்து வருகிறது, எப்படிக் கழிப்பது?

கேள்வி இதுதான்: ஒரு வேவ் (சுருக்காத ஒலி) கோப்பை எம்பி3 ஆக்கி, அதைத் திரும்ப வேவ் ஆக்கினால் நீளம் கூடிவிடுகிறது. தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது, முடிவிலும் கொஞ்சம். லூப் போட்டால் தாளம் இடறுகிறது. இடைவெளியே இல்லாமல் ஓட வேண்டிய ஆல்பத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு கேட்கிறது. எம்4ஏ கோப்பிலும் இதே கதை, அளவுதான் வேறு. ஏன் இப்படி, எப்படிச் சரிசெய்வது?

உங்கள் கோப்பு கெட்டுப்போகவில்லை, ஒலியைச் சுருக்கும் மென்பொருளான என்கோடரிலும் பிழை இல்லை. அந்த மௌனம் ஒலியைச் சுருக்கும் முறையோடு கூடப் பிறந்தது. வராமல் தடுக்க முடியாது, வந்த பிறகு கழிக்கத்தான் முடியும். எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற எண் பெரும்பாலான கோப்புகளுக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வழியில் இருக்கும் ஏதோ ஒரு மென்பொருள் அதைப் படிக்காமல் விட்டிருக்கும், இல்லாவிட்டால் அரைகுறையாகப் படித்திருக்கும், அதுவும் இல்லாவிட்டால் இரண்டு மென்பொருள்கள் ஆளுக்கொரு தடவை கழித்திருக்கும். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. ஆகவே எந்த எண் எங்கே இருக்கிறது, அதில் யாருடைய தாமதம் சேர்ந்திருக்கிறது, அதை யார் கழிக்கிறார்கள் என்ற மூன்றும் தெளிவானால் மற்றது வெறும் கூட்டல் கழித்தல்.

முதலில் காரணம். சாம்பிள் என்பது நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஒலியை அளந்ததில் ஓர் அளவு. எம்பி3 ஒலியைத் தனித்தனி சாம்பிளாகக் கையாள்வதில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் ஒரு ஃப்ரேம் என்பது 1152 சாம்பிள், அதாவது சுமார் 26 மில்லி நொடி. அதற்குள் 576 வீதம் இரண்டு பாதிகள். ஒலி முதலில் 32 அலைவரிசைப் பட்டைகளாகப் பிரிகிறது. இந்தப் பிரிப்புக்கு ஒவ்வொரு தடவையும் 512 சாம்பிளைப் பார்க்க வேண்டியிருப்பதால் அங்கேயே ஒரு தாமதம் சேர்கிறது. அப்புறம் ஒவ்வொரு பட்டையின் மேலும் எம்டிசிடி என்ற கணக்கு ஓடுகிறது. இதில் ஒவ்வொரு தொகுதியும் அடுத்த தொகுதியின் மேல் பாதி படிந்திருக்கும். ஒரு தொகுதியை மட்டும் எடுத்து விரித்தால் அசல் ஒலி கிடைக்காது. அசலோடு, அதையே காலத்தில் பின்னோக்கித் திருப்பிய ஒரு நிழலும் கலந்து வரும். பக்கத்துத் தொகுதியிலிருந்து அதே நிழல் எதிர்க்குறியோடு வந்து சேரும்போதுதான் இரண்டு நிழல்களும் அழிந்து அசல் மிஞ்சுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தானாக வருகின்றன. பாட்டின் முதல் சாம்பிள் சரியாக மீண்டு வர வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு தொகுதி இருந்தாக வேண்டும். பாட்டுக்கு முன்னால் ஒலி ஏதும் இல்லாததால் என்கோடர் பூஜ்யங்களைப் போட்டு நிரப்புகிறது. அது டிலே. முடிவில், கடைசி சாம்பிளின் மேல் படிவதற்கு இன்னொரு தொகுதி தேவை. போதாக்குறைக்கு, பாட்டின் நீளம் 1152ஆல் மீதியில்லாமல் வகுபடுவதும் அபூர்வம். ஆகவே கடைசி ஃப்ரேமை நிரப்ப மறுபடியும் பூஜ்யங்கள். அது பேடிங்.

சிக்கலுக்கு உண்மையான வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1993இல் வெளியான எம்பி3 தரத்தில், "இந்த ஒலி இத்தனை சாம்பிள் நீளம், முன்னால் இத்தனையைக் கழி" என்று எழுதி வைக்க ஓர் இடமே கிடையாது. ஃப்ரேம்கள் வரிசையாக வரும், அவ்வளவுதான். பின்னால் லேம் என்ற எம்பி3 என்கோடரை எழுதியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோப்பின் முதல் ஃப்ரேமை ஒலி இல்லாத வெற்று ஃப்ரேமாக வைத்து, அதற்குள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஜிங் ஹெடர் என்ற தகவல் தலைப்பையும், அதன் பின்னால் தங்களுடைய கூடுதல் தகவலையும் செருகினார்கள். இனி வெறுமனே டேக் என்று சொல்வது இதைத்தான். டிலே 12 பிட், பேடிங் 12 பிட், இரண்டும் சேர்ந்து மூன்றே பைட். மாறும் பிட்ரேட் (நொடிக்கு எத்தனை பிட் என்ற அளவு) கோப்பில் இந்த ஹெடர் 'ஜிங்' என்ற பெயரிலும், மாறாத பிட்ரேட் கோப்பில் 'இன்ஃபோ' என்ற பெயரிலும் இருக்கும்.

ஒரு கோப்பைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரியாக 3 நிமிடம் ஓடும் ஸ்டீரியோ வேவ், 44.1 கிலோஹெர்ட்ஸ். 180 நொடிக்கு 79,38,000 சாம்பிள். லேம் இதன் முன்னால் 576 சாம்பிள் சேர்க்கிறது. மொத்தம் 79,38,576. இதை 1152ஆல் வகுத்தால் 6891 ஃப்ரேம் போக 144 மிச்சம். அந்த 144ஐ வைத்துக்கொள்ள 6892ஆவது ஃப்ரேம் தேவை. அதில் காலியாக நிற்பது 1008, அதுவே பேடிங். லேம் பேடிங்கை 576க்குக் கீழே போக விடுவதில்லை. அப்படிக் குறைந்தால் இன்னொரு முழு ஃப்ரேமைச் சேர்த்துவிடும். இங்கே 1008 இருப்பதால் அது தேவைப்படவில்லை.

இப்போது அந்தக் கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, பாட்டின் பெயர் முதலியவை இருக்கும் ஐடி3 டேக்கைத் தாண்டி, முதல் ஃப்ரேமின் தொடக்கத்திலிருந்து 177 பைட் தள்ளிப் பாருங்கள். ஸ்டீரியோ எம்பி3யில் அந்த மூன்று பைட் இருக்கும் இடம் அது. பத்தடிமானத்தில் சொன்னால் அங்கே 36, 3, 240 என்று இருக்கும். முதல் பைட்டை 16ஆல் பெருக்கி, இரண்டாவது பைட்டின் மேல்பாதியைக் கூட்டினால் டிலே: 36 பெருக்கல் 16, கூட்டல் பூஜ்யம், 576. இரண்டாவது பைட்டின் கீழ்ப்பாதியை 256ஆல் பெருக்கி மூன்றாவதைக் கூட்டினால் பேடிங்: 3 பெருக்கல் 256, கூட்டல் 240, 1008. இந்த மூன்று பைட்டை ஒரு தடவையாவது நீங்களே கண்ணால் பாருங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அதற்குப் பிறகு எந்த மென்பொருள் என்ன சொன்னாலும் குழப்பம் வராது.

பலர் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. டேக்கில் இருக்கும் 576 என்பது என்கோடர் சேர்த்த தாமதம் மட்டுமே. சுருக்கியதை விரிக்கும் டிகோடரும் தன் பங்குக்கு 529 சாம்பிள் தாமதம் சேர்க்கிறது. அந்த ஃபில்டர்களைத் திருப்பி ஓட்டுவதால் வருவது இது. 528 என்றும் சில இடங்களில் எழுதியிருப்பார்கள், அதோடு 1 கூட்ட வேண்டும். டேக்கில் இந்த 529 எழுதப்பட்டிருக்காது. டிகோடர் எழுதுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தொடக்கத்தில் கழிக்க வேண்டியது 576 அல்ல, 1105. மொத்த ஒலியும் 529 சாம்பிள் பின்னுக்குத் தள்ளிப்போயிருப்பதால் முடிவில் கழிப்பதில் அதே 529 குறைய வேண்டும்: 1008 கழித்தல் 529, அதாவது 479. சரிபார்ப்போம். 6892 ஃப்ரேம் விரித்தால் 79,39,584 சாம்பிள். அதில் 1105ம் 479ம் போனால் 79,38,000. அசல் நீளம் அப்படியே வந்துவிட்டது. பேடிங் 576க்குக் குறையாமல் லேம் பார்த்துக்கொள்வதன் அருமையும் இங்கே புரியும். பேடிங் 529ஐ விடச் சிறியதாக இருந்தால் பாட்டின் வால் டிகோடருக்கு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை வெளியே தள்ள இன்னொரு ஃப்ரேம் ஊட்ட வேண்டியிருக்கும்.

கோப்பின் விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்ப்ரோப் கருவியில் ஒரு எம்பி3யைப் பார்க்கும்போது தொடக்க நேரம் 0.025057 என்று காட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த விசித்திர எண் வேறொன்றும் இல்லை, 1105ஐ 44100ஆல் வகுத்தது. 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பானால் 0.023021 என்று வரும். ஏதோ பிழை என்று நினைத்து அதை "சரிசெய்யப்" போனால்தான் பிழை தொடங்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த பிட்ரேட்டில் லேம் தானாகவே சாம்பிள் ரேட்டைக் குறைத்துவிடலாம். 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கினால் ஃப்ரேம் 576 சாம்பிளாகச் சுருங்கும். கழிக்க வேண்டிய சாம்பிள் எண்ணிக்கை அதே 1105தான், ஆனால் நேரக் கணக்கில் அது 25லிருந்து 50 மில்லி நொடியாக இரட்டிக்கும். ஆகவே எப்போதும் சாம்பிளில் கணக்கு வையுங்கள். மில்லி நொடியில் வைத்தால் எங்கேயாவது ஓரிடத்தில் கவிழ்த்துவிடும்.

சரி, உங்கள் மென்பொருள் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆவணத்தைப் படிப்பதை விட ஒரு கிளிக் சோதனை நம்பகமானது. முழுக்க மௌனமான ஒரு வேவ் கோப்பை உருவாக்குங்கள். அதில் 10,000ஆவது சாம்பிளில் மட்டும் ஒரு கூர்மையான கிளிக் வையுங்கள். நல்ல பிட்ரேட்டில் எம்பி3 ஆக்கி, நீங்கள் சோதிக்க நினைக்கும் மென்பொருளால் விரித்து, கிளிக்கின் உச்சி எந்த சாம்பிளில் நிற்கிறது என்று பாருங்கள். லேம் கொண்டு குறுக்கிய கோப்பானால் விடை கையில் வந்த மாதிரி. 10,000இலேயே நின்றால் எல்லாம் சரி. 11,105இல் நின்றால் மென்பொருள் எதையும் கழிக்கவில்லை. 10,529 என்றால் டேக்கைப் படித்து 576ஐக் கழித்தது, டிகோடரின் 529ஐ மறந்தது. 12,257 என்றால் முதலில் இருக்கும் இன்ஃபோ ஃப்ரேம் தகவல் ஃப்ரேம் என்றே அதற்குத் தெரியவில்லை. வெற்று ஒலியாக நினைத்து அதையும் விரித்து, கூடுதலாக 1152 சாம்பிள் மௌனத்தைச் சேர்த்திருக்கிறது. 8,895 என்றால் இரண்டு தடவை கழித்திருக்கிறது.

இந்தக் கடைசி வகை, நான் முன்னே சொன்ன "ஆளுக்கொரு தடவை" வகை. டிகோடர் நூலகம் தானாகவே கழித்துக் கொடுக்கும், அது தெரியாமல் மேலே இருக்கும் நிரலும் டேக்கைப் படித்து இன்னொரு தடவை கழிக்கும். எம்பிஜி123, எஃப்எஃப்எம்பெக் இரண்டுமே டேக் இருந்தால் தாமாகக் கழித்துவிடுகிறவை. அவற்றின் மேல் நிரல் எழுதுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஒலி தொடக்கத்தில் 25 மில்லி நொடி காணாமல் போனால் மௌனம் கூடியதை விட மோசம். பாட்டின் முதல் அடியே வெட்டுப்பட்டுவிடும், கூடுதல் மௌனத்தையாவது பின்னால் நீக்கிக்கொள்ளலாம்.

குறைந்த பிட்ரேட்டில் கிளிக் பரந்து, அதற்கு முன்னாலேயே ஒரு சலசலப்பு எழும்பி, உச்சி எது என்று சொல்ல முடியாமல் போகலாம். அப்போது கிளிக்குக்குப் பதிலாக வெள்ளை இரைச்சல் ஒரு துண்டு வைத்து, அசலையும் விரித்ததையும் கிராஸ் கோரிலேஷன் போட்டுப் பாருங்கள், அதாவது ஒன்றை மற்றதன் மேல் நகர்த்தி எங்கே அதிகம் பொருந்துகிறது என்று கணக்கிடுங்கள். உச்சம் எந்த நகர்வில் வருகிறதோ அதுவே தாமதம்.

கணக்கில் நுழைய விருப்பமில்லாதவர்களுக்குக் காது வழியும் உண்டு. விரித்த கோப்பையும் அசலையும் ஆடாசிட்டி போன்ற எடிட்டரில் அடுத்தடுத்த டிராக்கில் வைத்து, ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். சரியாகப் பொருந்தியிருந்தால் பாட்டு மறைந்து, சுருக்கத்தில் தொலைந்த மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சும். பொருந்தாவிட்டால் பாட்டு முழுதாகக் கேட்கும், அதுவும் இரட்டை இரட்டையாக. பலர் ஒரே பாட்டின் குரலையும் இசையையும் தனித்தனிக் கோப்பாக அனுப்பி வேலை செய்யும்போது இது பெரிய தலைவலி. ஒருவர் எம்பி3 அனுப்ப, இன்னொருவர் வேவ் அனுப்ப, இரண்டும் 1105 சாம்பிள் விலகி நிற்கும். இரண்டிலும் பொதுவான ஒலி ஏதாவது இருந்தால் சேர்க்கும்போது சுமார் 40 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் வீதம் அலைவரிசை முழுக்கச் சீப்புப் பற்கள் மாதிரி விழுந்து ஒலி உள்ளீடற்றுப் போகும். ஈக்வலைஸரால் அதைச் சரிசெய்யவே முடியாது. இன்னொரு விளைவும் உண்டு: தாமதத்தைக் கழிக்காமல் திரும்பத் திரும்பக் குறுக்கினால் அது குவியும். பத்துத் தலைமுறை தாண்டினால் 11,050 சாம்பிள், கால் நொடி.

ஏஏசி பக்கம் வருவோம், அதாவது எம்4ஏ, எம்பி4 கோப்புகளுக்குள் வழக்கமாக இருக்கும் ஒலி வடிவம். இதில் ஃப்ரேம் 1024 சாம்பிள். ஆப்பிளின் என்கோடர் முன்னால் சேர்க்கும் அளவு 2112. எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் சொந்த ஏஏசி என்கோடர் சேர்ப்பது 1024. இந்தத் துறையில் இதை ப்ரைமிங் என்பார்கள். எம்பி3யிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஏஏசியில் சொல்லப்படும் எண், டிகோடரிலிருந்து வெளியே வரும் ஒலியின் முன்னாலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும் என்ற முழு எண். 529 மாதிரி தனியாக எதையும் கூட்டக் கூடாது. எம்பி3க்கு எழுதிய அதே நிரலை ஏஏசிக்கும் ஓட்டி, 529ஐச் சேர்த்துக் கழித்துப் பாட்டின் முனையை அரிந்துவிடுவது சுலபமாக நடக்கும் தவறு.

எண் எங்கே இருக்கிறது என்பதிலும் ஏஏசி கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, ஐட்யூன்ஸ் எழுதும் ஐட்யூன்எஸ்எம்பிபி என்ற குறிப்பு. இது பதினாறடிமான எண்கள் வரிசையாக எழுதப்பட்ட ஒரு வரி. அதில் இரண்டாவது எண் ப்ரைமிங், மூன்றாவது முடிவுப் பேடிங், நான்காவது அசல் சாம்பிள் எண்ணிக்கை. இரண்டாவது எண்ணாக 00000840 என்று பார்த்தால் அது எட்டு நூற்று நாற்பது அல்ல, பதினாறடிமானம், அதாவது 2112. இரண்டாவது, எம்பி4 அமைப்புக்கே உரிய எடிட் லிஸ்ட். "ஊடகத்தின் இந்த இடத்திலிருந்து தொடங்கி இவ்வளவு நேரம் ஓட்டு" என்று சொல்லும் அட்டவணை அது. முறையான வழி எது என்று கேட்டால் எடிட் லிஸ்ட்தான். வீடியோவோடு ஒலி ஒத்துப்போவதும் அதை நம்பித்தான். 48 கிலோஹெர்ட்ஸில் 2112 சாம்பிள் என்பது 44 மில்லி நொடி. 24 ஃப்ரேம் ஓடும் திரைப்படத்தில் ஒரு முழு ஃப்ரேமை விடக் கொஞ்சம் அதிகம்.

ஆனால் எடிட் லிஸ்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது, எனக்குத் தெரிந்து இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அதில் தொடக்க இடம் ஒலித் தடத்தின் அளவுகோலில் எழுதப்படுகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் தடத்துக்கு அந்த அளவுகோல் வழக்கமாக 44100 என்பதால் சாம்பிள் சுத்தமாக இருக்கும். ஓட வேண்டிய நேரமோ மொத்தக் கோப்பின் அளவுகோலில் எழுதப்படுகிறது. அது பெரும்பாலும் 1000 அல்லது 600. அளவுகோல் 1000 என்றால் ஓர் அலகு 44.1 சாம்பிள், 600 என்றால் 73.5 சாம்பிள். ஆகவே தொடக்கம் அச்சாகப் பொருந்தும், முடிவு மட்டும் சில பத்து சாம்பிள் முன்னே பின்னே போகும். இடைவெளியில்லாத ஆல்பத்தில் தொடக்கம் சரியாக இருந்தும் முடிவில் மட்டும் மெல்லிய கிளிக் கேட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கோப்பை உருவாக்கும்போதே மொத்த அளவுகோலை ஒலியின் சாம்பிள் ரேட்டுக்குச் சமமாக வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை வேரோடு போய்விடும். எஃப்எஃப்எம்பெக்கின் புதிய பதிப்புகளில் மூவி டைம்ஸ்கேல் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது.

குறிப்பும் இல்லை, எடிட் லிஸ்டும் இல்லை என்றால்? ஆப்பிள் உலகில் நீண்ட காலம் 2112 என்பது எழுதப்படாத வழக்கமாகவே இருந்தது. தகவல் இல்லாவிட்டால் 2112 என்று வைத்துக்கொள்வார்கள். அந்த வழக்கத்தை நம்பும் மென்பொருளிடம் 1024 மட்டுமே சேர்த்த கோப்பு போனால் பாட்டிலிருந்தே 1088 சாம்பிள் வெட்டுப்படும். எம்பி4 உறை இல்லாமல் ஃப்ரேம்கள் மட்டும் வரிசையாக வரும் ஏடிடிஎஸ் வடிவிலான .ஏஏசி கோப்புகளில் இந்தத் தகவலுக்கு இடமே இல்லை. ஆகவே இடைவெளியில்லாமல் ஓட வேண்டிய எதையும் அந்த வடிவில் சேமிக்காதீர்கள். குறைந்த பிட்ரேட்டுக்கான ஏஏசி வகையான ஹெச்இ-ஏஏசியில் உள்மையச் சாம்பிள் ரேட் வெளியே வருவதில் பாதியாக இருக்கும். கோப்பில் எழுதிய எண் எந்த ரேட்டில் எண்ணப்பட்டது என்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லை. கிளிக் சோதனை செய்யாமல் அங்கே எந்த எண்ணையும் நம்பமாட்டேன்.

ஓபஸ் இந்த விஷயத்தில் மனநிறைவு தரும் வடிவம். மற்றவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு வடிவமைத்தது என்பதால் தகவலுக்கு இடம் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். ஆக் (Ogg) கோப்பில் வரும் ஓபஸின் முதல் ஹெடரிலேயே ப்ரீ-ஸ்கிப் என்ற எண் கட்டாயம். உள்ளே போன ஒலி எந்த ரேட்டில் இருந்தாலும் இது 48 கிலோஹெர்ட்ஸ் கணக்கிலேயே எண்ணப்படும். லிப்ஓபஸ் என்ற என்கோடரின் கோப்புகளில் அடிக்கடி காணும் மதிப்பு 312, அதாவது 6.5 மில்லி நொடி. முடிவை வெட்ட, கடைசிப் பக்கத்தின் கிரானியூல் எண்ணே (அதுவரை வந்த சாம்பிள்களின் கணக்கு) போதும். ஃப்ரேம்கள் தருவதை விட அது குறைவாக இருந்தால் மிச்சம் பேடிங் என்று பொருள். 2016இல் வந்த ஆர்எஃப்சி 7845 என்ற தர ஆவணம் இதையெல்லாம் ஐயம் இல்லாமல் எழுதி வைத்திருக்கிறது. வெப்எம் கோப்பில் இதே தகவல்கள் கோடெக் டிலே, டிஸ்கார்ட் பேடிங் என்ற பெயர்களில் நானோ நொடிக் கணக்கில் வரும். ஆக் கோப்பில் வரும் இன்னொரு வடிவமான ஓர்பிஸும் கிரானியூல் எண்ணைக் கொண்டே நீளத்தைச் சரியாகச் சொல்லிவிடும். இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக்கில் இந்தப் பேச்சே இல்லை. அங்கே தொகுதிகள் ஒன்றன் மேல் ஒன்று படிவதில்லை, கடைசித் தொகுதி எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம், மொத்த சாம்பிள் எண்ணிக்கையை ஹெடரிலேயே எழுதி வைக்க இடம் உண்டு.

வெட்டி ஒட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு எம்பி3 கோப்புகளை பைட் பைட்டாக ஒன்றின் பின் ஒன்றாக ஒட்டினால் ஓடும், ஆனால் நடுவில் முதல் பாட்டின் பேடிங், இரண்டாவதின் இன்ஃபோ ஃப்ரேம், அதன் டிலே எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எந்த டிகோடரும் அவற்றைக் கழிக்காது, ஏனென்றால் முதல் டேக்கை மட்டுமே அது பார்க்கும். அந்த டேக்கில் இருக்கும் ஃப்ரேம் எண்ணிக்கையும் இப்போது தவறு. நடுவில் வெட்டுவதும் அப்படியே. எம்பி3யில் ஒரு ஃப்ரேமின் தரவு அதற்கு முந்தைய ஃப்ரேம்களில் மிஞ்சிய இடத்தில் 511 பைட் வரை பின்னால் தொடங்கியிருக்கலாம். வெட்டிய இடத்தின் முதல் ஃப்ரேமுக்குத் தன் தரவே கையில் இருக்காது, அது மௌனமாகவோ கரகரவென்றோ வரும். நடுவில் தாவிப் போகும்போதும் இதே காரணத்தால் சில ஃப்ரேம் பின்னாலிருந்தே விரித்து வந்து, தேவையில்லாததைத் தூக்கிப் போட வேண்டும். ஏஏசிக்கு ஒரு ஃப்ரேம் பின்னால் போனால் போதும், ஓபஸுக்கு 80 மில்லி நொடி பின்னால் போகச் சொல்கிறார்கள். தாவும் இடத்தைக் கணக்கிடும்போது டிலேயைக் கூட்ட மறக்க வேண்டாம்: பாட்டின் பூஜ்யமாவது சாம்பிள், டிகோடர் கணக்கில் 1105ஆவது.

விளையாட்டுக்கோ செயலிக்கோ லூப் தயாரிக்கிறீர்கள் என்றால் என் பரிந்துரை நேரடியானது: எம்பி3யை விட்டுவிடுங்கள். டேக் சரியாக இருந்தாலும் அதைப் படிக்கும் பொறுப்பு ஒவ்வொரு பிரவுசரிடமும், ஒவ்வொரு ஒலி எஞ்சினிடமும் இருக்கிறது. அவை ஒன்று போல நடப்பதில்லை. ஓர்பிஸ், ஓபஸ் எடுத்துக்கொள்ளுங்கள். லூப் சின்னது என்றால் வேவாகவே வைத்துவிடுங்கள். எம்பி3தான் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், லூப்பின் முன்னும் பின்னும் அதே லூப்பின் தொடர்ச்சியைக் கொஞ்சம் ஒட்டிக் குறுக்கி, ஓட்டும்போது நடுப்பகுதியை மட்டும் சாம்பிள் எண் சொல்லி லூப் செய்யுங்கள். டிலே எவ்வளவாக இருந்தாலும் வெட்டும் இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே நகர்வதால் மூட்டு தெரியாது.

ஆல்பங்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. டிலேயையும் பேடிங்கையும் சாம்பிள் பிசகாமல் கழித்த பிறகும் சில மூட்டுகளில் லேசான டிக் கேட்கலாம். கச்சேரிப் பதிவில் கைதட்டலுக்கு நடுவே தடத்தைப் பிரித்திருப்பார்கள். தனித்தனியாகக் குறுக்கும்போது, இரண்டாவது தடத்தின் முன்னால் பூஜ்யம் இருந்து திடீரென்று முழு ஒலி எழுவதாக என்கோடர் பார்க்கிறது. அந்தச் செங்குத்து ஏற்றத்தில் குறுக்கல் இரைச்சல் மூட்டின் இருபுறமும் சிதறுகிறது. இதற்கு மருந்து கழிப்பதில் இல்லை, குறுக்குவதில் இருக்கிறது. லேமில் நோகேப் என்ற அமைப்பு தடங்களைத் தொடர்ச்சியாக எடுத்துக் குறுக்கும். ஓபஸ் பக்கம் ஆர்எஃப்சியே, வெறும் பூஜ்யத்துக்குப் பதிலாக ஒலியை நீட்டிக் கணித்து நிரப்பும் வழியைச் சொல்கிறது.

கடைசியாக, டேக்கே இல்லாத பழைய எம்பி3 குவியலை என்ன செய்வது? மௌனத்தைத் தானாகக் கண்டுபிடித்து வெட்டும் கருவிகளைப் பலர் நாடுகிறார்கள். நான் அதைச் செய்யமாட்டேன். பாட்டே மெல்ல எழும்பித் தொடங்கலாம், பாடகர் மூச்சிழுக்கும் ஒலி அதில் இருக்கலாம், அதுவும் பதிவின் பகுதிதான். அசல் வேவோ சிடியோ கையில் இருந்தால் கோரிலேஷன் போட்டு உண்மையான தாமதத்தைக் கண்டுபிடித்து வெட்டுங்கள், அதைவிட நல்லது அசலிலிருந்தே மறுபடி குறுக்குவது. அசல் இல்லை, எந்த என்கோடர் என்றும் தெரியவில்லை என்றால் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, கேட்கும் செயலியில் அரை ஃப்ரேம் அளவுக்குச் சின்ன கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு தேயும்போதே அடுத்தது எழும்பும் கலப்பு) வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி முழுதாகப் போகாது, ஆனால் பதிவில் ஒரு சாம்பிளும் தொலையாது.